இவனைத் தெரியுமா என்று கேட்டார்கள்

பெற்றோல் செட்டின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. இரண்டு கைகளிலும் குளிர்ந்த கோப்பிப் பெட்டிகளோடு வெளியே வந்தேன். பின்னேர வெயில் கண்ணில் குத்தியது. நான் ஓட்டிவந்த வெள்ளை வானுக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ் வண்டி நின்றது.

றைலி வானின் பக்கக் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். பதினைந்து வயதுப் பையன். தொப்பியைக் கண்வரை இறக்கி, சட்டைக் கைகளை விரல்வரை இழுத்துவிட்டிருந்தான். அவனுக்கு முன்னால் இரண்டு பொலிஸார். ஒருவர் இளைஞர், மற்றவர் நடுவயதுப் பெண். அந்தப் பெண் கையிலிருந்த சின்னக் கருவியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அந்தா, அவரோடதான் வந்தனான்," என்று றைலி நாடியை உயர்த்தி என்னைக் காட்டினான்.

இளைஞர் திரும்பினார். கோபம் ஒன்றும் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஐயா, இவனைத் தெரியுமா உங்களுக்கு?"

"இல்லை," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. சுடு சட்டியில் பட்ட கை எப்படி விலகுமோ அப்படி வந்தது அந்தச் சொல். சொன்ன பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது.

றைலி என்னைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை. இப்படித்தான் முடியும் என்று முதலிலேயே தெரிந்தவன்போல, யாரும் கேட்காமலே கைகளை முன்னால் நீட்டினான்.

வண்டியின் பின்கதவு மூடிய சத்தம் பெரிதாக இருந்தது. இன்னொரு தடவை வாயைத் திறக்க நினைத்தேன். அவர்கள் வீதியில் ஏறி மறையும்வரை அந்தக் கோப்பிப் பெட்டிகளைப் பிடித்தபடி நின்றேன்.

ஆற்றங்கரை வேலை

சென்ற வாரம் இந்தப் பத்தியில், ட்ருகனினா என்ற புறநகரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிய காலத்தைச் சொன்னேன். முதுகு பழுதான பிறகு அந்த வேலைக்குத் திரும்பிப் போக முடியவில்லை. கோவிலில் பூசைக்கு வருகிற ஒருவர்தான் இந்த ஓட்டுநர் வேலையைப் பற்றிச் சொன்னார்.

பூர்வகுடி மக்கள் தாங்களே நடத்துகிற சின்ன அமைப்பு அது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பொலிஸ், கோட் என்று அலைகிற தங்கள் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் ஓர் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போவார்கள். அமைப்பின் பஸ்ஸில் பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றி இறக்குவது என் வேலை.

ஆற்றங்கரையில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று என் மனைவி றீற்றா கேட்பாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. வகுப்பு என்று ஒன்றும் இல்லை. நெருப்பு மூட்டுவார்கள். நீளப் புல்லை நனைத்துக் கூடை பின்னுவார்கள். அந்த ஆற்றுக்கும் மரங்களுக்கும் பறவைகளுக்கும் தங்கள் மொழியில் இருந்த பெயர்களைச் சொல்லிப் பார்ப்பார்கள். அந்த மொழியைப் பேசியதற்காக அடிவாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். சில பிள்ளைகள் வந்த உடனேயே மரத்தடியில் படுத்து நாள் முழுவதும் தூங்குவார்கள்.

"நித்திரை கொள்ளட்டும். ஒருத்தரும் எழுப்ப வேண்டாம். பயமில்லாமல் நித்திரை கொள்ள இடம் கிடைச்சிருக்கு, அது காணும்," என்பார் அன்ரி டொட்.

அன்ரி டொட்தான் அங்கே மூத்தவர். எழுபது வயதைத் தாண்டியவர். மடக்குக் கதிரையில் அமர்ந்து, வாயில் இனிப்பை அடக்கிக்கொண்டு, எல்லாரையும் ஒரே நேரத்தில் பார்ப்பார். பெரியவர்களை நாங்கள் அழைப்பதுபோலவே அவர்களும் அன்ரி, அங்கிள் என்றுதான் அழைக்கிறார்கள். அது ஒன்றுதான் எனக்கு அங்கே சுலபமாக வந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் பேசியது ஆங்கிலம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கேட்டதை மனதுக்குள் என் பேச்சாக மாற்றித்தான் வைத்துக்கொள்வேன். அதனால் இங்கே ஆற்றங்கரைக்காரர் எல்லாரும் மன்னார்க்காரரைப்போலப் பேசுகிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக யார் வந்தாலும் அந்த நெருப்படியில் முதலில் ஒரு வழக்கம் நடக்கும். அன்ரி கேட்பார்: நீ ஆர், எந்த இடம், உன்ர ஆக்கள் ஆர்? வந்தவர் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாத பிள்ளைகளும் வருவார்கள். சின்ன வயதிலேயே வீட்டிலிருந்து எடுக்கப்பட்டு வேறு வேறு வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்ப்பார்கள். அன்ரி அவசரப்படுத்த மாட்டார். தாயின் பெயர், தாயின் தாய் இருந்த இடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, "அப்ப நீ இன்னாரின்ர வழி, உனக்கு அந்த ஆத்துப் பக்கம் ஆக்கள் இருக்கினம்," என்று கண்டுபிடித்துச் சொல்வார். சொல்லும்போது அந்தப் பிள்ளையின் தோள் கொஞ்சம் இறங்கும். அதை நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

தூரத்திலிருந்துதான். நான் பஸ்ஸை விட்டு நகர்வதில்லை. கூட்டத்துக்குள் போய் இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. ஒருநாள் அன்ரி கையசைத்துக் கூப்பிட்டார்.

"பஸ்காரத் தம்பி, வந்து இரு. நீ ஆர்? எந்த இடம்? உன்ர ஆக்கள் ஆர்?"

நான் பஸ் கதவின் பிடியை விடவில்லை.

அந்தக் கேள்வியை நான் முதலில் கேட்ட இடம்

என் ஊர் மன்னார்த் தீவில் ஒரு கரைக் கிராமம். நான் மீசை முளைக்காத பையனாக இருந்த காலத்தில் சுற்றிவளைப்பு என்று ஒன்று நடக்கும். விடியும்போது ஊரைச் சுற்றி ஆமி நிற்கும். ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக இருத்துவார்கள்.

ஒரு ஜீப்புக்குள் சாக்கால் தலையை மூடிய ஆள் ஒருவன் இருப்பான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அவன் தலையை ஆட்டினால் ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் மறுபக்கம். தலையாட்டி என்று சொல்வோம். அந்தச் சாக்குக்குள் இருப்பவன் எங்கள் ஊர்க்காரனாகவும் இருப்பான்.

அங்கேயும் இதே கேள்விதான். யாருடைய பிள்ளை? எந்த இடம்? இவனைத் தெரியுமா?

வீட்டை விட்டு வெளிக்கிடும்போது அம்மா என் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே சொன்னது நினைவிருக்கிறது. "ஆரைக் காட்டினாலும் தெரியாது எண்டு சொல்லு. அண்ணனைக் காட்டினாலும் தெரியாது எண்டுதான் சொல்ல வேணும். விளங்கினதோ?"

அன்று எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சைக்கிள் திருத்துகிற மனிதர். நேர்மையானவர். முன்னால் நிறுத்திய ஒரு பையனைக் காட்டிக் கேட்டபோது, "ஓம், நல்லாத் தெரியும், நல்ல பொடியன்," என்றார். இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். அவருடைய கடைக் கதவு பிறகு திறக்கவே இல்லை.

சீருடை போட்டவர் கேட்டால் யாரையும் தெரியாது. படித்தவர், படிக்காதவர், எல்லாரும் எங்களில் அப்படித்தான். உயிர் தப்பிய பலர் அந்த ஒரு சொல்லால் தப்பியவர்கள். கடல் கடந்து இத்தனை காலம் ஆன பிறகும் அது வாய்க்குள் தயாராக இருந்தது எனக்குத் தெரியாது.

அன்ரியின் நெருப்படியில் அன்று நான் பதில் சொல்லவில்லை. றைலிதான் சிரித்தான். "விடுங்கோ அன்ரி, அவர் உளவுத்துறை. சொன்னா வேலை போயிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். அன்ரி மட்டும் என் கைகளைப் பார்த்தார். "அவசரமில்லை தம்பி. பிறகு சொல்லலாம்."

எத்தனையோ சனிக்கிழமைகள் கழித்து, யாரும் கேட்காத ஒரு நேரத்தில், நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஊரின் பெயர், அம்மாவின் பெயர், அப்பா கடற்தொழில் செய்தவர்.

"அந்தக் கடல்ல சுறா இருக்கா?" என்றான் றைலி.

"இருக்கு."

"உங்கட அப்பாவைக் கடிச்சதா?"

"இல்லை. அப்பாதான் சுறாவைக் கடிச்சவர். வறுத்துப் புட்டோட."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதற்குப் பிறகு வாகனத்தில் முன்சீற் அவனுடையதாகிவிட்டது. வேறு பிள்ளை ஏறினால் சண்டை.

வெள்ளை வான்

றைலிக்குத் தாய் இல்லை. தகப்பன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அன்ரி டொட் அவனுக்கு உறவுமுறையில் பெரியம்மா. ஒரு களவுக் கார் விஷயத்தில் பிடிபட்டு, கோட் பிணையில் விட்டபோது அன்ரிதான் பொறுப்பெடுத்தார். நிபந்தனை கடுமையானது. வீட்டை விட்டு வெளியே போவதென்றால் அன்ரியோ எங்கள் அமைப்பு ஆளோ கூட இருக்க வேண்டும். தனியாகக் கண்டால் பிணை போய்விடும், உள்ளே வைப்பார்கள்.

"தம்பி, நல்லாக் கேள்," என்று அன்ரி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நீ பக்கத்தில நிக்கிறவரைக்கும்தான் அவன் வெளியில. என்ர தங்கச்சியின்ர மகனும் இப்படித்தான் ஒருநாள் சின்ன விஷயத்துக்கு உள்ள போனவன். காலமை நான் போக முதல் எனக்கு ஃபோன் வந்திட்டுது. உள்ள போன எங்கட பிள்ளையள் எல்லாரும் நடந்து வெளிய வாறேல்ல."

பெற்றோல் செட்டில் நின்ற அந்தச் சனிக்கிழமை எங்கள் அமைப்பின் பஸ் திருத்த வேலைக்குப் போயிருந்தது. பக்கங்களில் ஆறும் பறவைகளும் வரைந்த பஸ் அது. பார்த்தவுடன் யாருடையது என்று தெரியும். பதிலுக்கு வாடகைக்குக் கிடைத்தது ஒரு வெறும் வெள்ளை வான். எங்கள் நாட்டில் ஆட்களைக் கடத்திக்கொண்டு போன வெள்ளை வான்களைப் பற்றி இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலையில் அதன் கதவைத் திறக்கவே எனக்குக் கை கூசியது. என் அடையாள அட்டையைக் கழற்றி டாஷ்போர்ட்டில் போட்டிருந்தேன். மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, கடைசியாக றைலியோடு திரும்பும்போது எண்ணெய் அடிக்க நிறுத்தினேன். அவன் காலை நீட்ட வேண்டும் என்றான். "கதவடியிலேயே நில், நான் இப்ப வாறன்," என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். சொன்னபடியே கதவடியில் நின்றான்.

பொலிஸ் வண்டி போன பிறகு வானுக்குள் ஏறி றீற்றாவுக்கு ஃபோன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஐயோ, என்னப்பா இது. இப்ப அங்க போகப்போறீங்களோ?"

"போக வேணும்."

"சிற்றிசன் பேப்பர் இன்னும் கைக்கு வரேல்ல. முதல் இல்லை எண்டிட்டு, இப்ப ஓம் எண்டால், பொலிசுக்குப் பொய் சொன்ன ஆள் எண்டு எழுதமாட்டாங்களோ? ஒஃபிசுக்குச் சொல்லுங்கோ. அவையள் பாப்பினம்."

அவள் சொன்னது பிழையில்லை. வாக்குமூலத்தை மாற்றிச் சொன்னவனுக்கு என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியும். ஊரில் அவள் அண்ணனுக்கு நடந்தது.

நான் வானின் சாவியைத் திருகினேன். பிறகு கேட்டாள்.

"பொடியன் தனியவோ இருக்கிறான்?"

"ஓம்."

"சாப்பிட்டவனோ?"

"தெரியாது."

"அப்ப என்னோட என்ன கதை? போங்கோ."

அன்ரி டொட்டுக்கு எடுத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "எந்த ஸ்ரேஷன்?" பதில் சொல்வதற்குள் சாவிக் கொத்தின் சத்தம் கேட்டது.

மேசைக்கு அந்தப் பக்கம்

நான் போய்ச் சேர்ந்தபோது அன்ரி முந்திவிட்டார். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "அவன் தனியவா இருக்கிறான்? ஆராவது பாத்துக்கொண்டிருக்கினமா?" பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே கேட்டார். உள்ளே எங்கேயோ ஒரு கதவு மூடும்போதெல்லாம் அவர் கழுத்து விறைத்தது.

நான் பக்கத்தில் போய், றைலியைத் தெரியாது என்று பொலிசுக்குச் சொன்னதை அவரிடம் சொன்னேன். கண்ணாடியை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன்?"

"பயம்."

"எனக்கு மட்டும் என்ன? இந்தக் கதவுக்குள்ள வாற ஒவ்வொரு முறையும் கால் ரெண்டும் தண்ணியாப் போகுது. வந்துதானே நிக்கிறன்." மறுபடி உள்கதவைப் பார்த்தார். "உன்னை ஏச வேண்டியது நிறைய இருக்கு தம்பி. ஆறுதலா ஏசுறன். இப்ப கதைக்க வேண்டியவையோட கதை."

அந்த நடுவயதுப் பொலிஸ்காரி எங்களை ஓர் அறைக்குள் கூப்பிட்டார். மேசை, மூன்று கதிரைகள், சுவரில் ஒன்றும் இல்லை. அந்த அறையின் கதவு எந்தப் பக்கம் பூட்டும் என்று முதலில் பார்த்தேன். பழக்கம்.

அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இந்தப் பையன் உங்களைப் பற்றிச் சொன்னதை எழுதியிருக்கிறேன்," என்று வாசித்தார். என் பெயர். என் ஊர், அவர் வாயில் அது உடைந்து வந்தது, ஆனாலும் என் ஊர்தான். அம்மாவின் பெயர். அப்பா கடற்தொழில். இப்போது இருக்கிற இடம் கிரெய்கிபர்ன்.

உள்ளே இருக்கிற ஒருவன் வெளியே இருக்கிற ஒருவனின் ஊரையும் தாய் தகப்பனையும் பொலிசுக்குச் சொல்வது என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான், காட்டிக்கொடுக்கிறான். கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எழுந்து ஓட வேண்டும் என்று கால் சொன்னது. றீற்றாவை உடனே வேறு வீட்டுக்கு மாறச் சொல்ல வேண்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு தூரம் போனது புத்தி.

அன்ரி என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "உன்ர ஆக்களைச் சொல்லியிருக்கிறான்."

அப்போதுதான் விளங்கியது. நெருப்படியில் கற்ற முறையிலேயே அவன் என்னைச் சொல்லியிருக்கிறான். இவர் ஆர், எந்த இடம், இவருடைய ஆக்கள் ஆர். தெரியாது என்று நான் சொன்னதை அவன் காதால் கேட்ட பிறகும் அப்படிச் சொல்லியிருக்கிறான்.

"உங்களுக்குத் தெரியாத ஒரு பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார் பொலிஸ்காரி.

"தெரியும்," என்றேன். "எனக்கு அவனைத் தெரியும்."

"அப்போது ஏன் இல்லை என்றீர்கள்?"

அன்ரி வாயெடுத்தார். பொலிஸ்காரி கையை உயர்த்தினார். "அவரே சொல்லட்டும்."

என் ஆங்கிலம் கடையில் சாமான் வாங்குகிற ஆங்கிலம். அதை வைத்துச் சொன்னேன். "எங்கட நாட்டில, யூனிஃபோம் போட்ட ஆள் கேட்டா ஒருத்தரையும் தெரியாது. அண்ணனையும் தெரியாது. தெரியும் எண்டா ரெண்டு பேரும் இல்லை. இண்டைக்கு நீங்கள் கேட்டீங்கள். என்ர வாய் அங்க போயிட்டுது."

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிறகு வராது என்று தெரியும். காலையில் அன்ரி வீட்டில் அவனை ஏற்றியது, நாள் முழுவதும் அவன் ஆற்றங்கரையில் இருந்தது, கதவடியில் நிற்கச் சொன்னது நான், அவன் நகரவே இல்லை. எல்லாம் சொன்னேன். பெற்றோல் செட்டின் கமெராவைப் பார்க்கலாம் என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னபோது என் பெயரின் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

"இதனால் உங்களுக்கும் கேள்வி வரலாம்," என்றார்.

"வரட்டும்," என்றேன். வாயால்தான்.

வெளியே

றைலியை அன்ரியின் பொறுப்பில் விடுவதாகச் சொன்னார்கள். நிபந்தனையை மீறவில்லை என்று எழுதினார்கள். அதைக் கேட்ட பிறகும் அன்ரி உட்காரவில்லை. அவன் நடந்து வருவதைத் தன் கண்ணால் காணும்வரை அந்தக் கதவைப் பார்த்தபடியே நின்றார்.

நடந்து வந்தான். காலை இழுத்து இழுத்து வந்தான். சப்பாத்துகளில் நாடா இல்லை. கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. அதற்குள் நாடாக்களும் சட்டைத் தொப்பியின் கயிறும். உள்ளே வைக்கிற பிள்ளைகளிடமிருந்து அவற்றை ஏன் கழற்றி எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அன்ரிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் அந்தப் பையைப் பார்க்காமல் அவன் தலையைத் தன் தோளோடு பிடித்து அழுத்தினார்.

வெளியே வாசல்படியில் உட்கார்ந்து அவன் நாடாவைக் கோர்க்கப் பார்த்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நாடாவின் நுனி ஓட்டையைத் தேடி விலகி விலகிப் போனது. என்னை அவன் இன்னும் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டுக் கீழ்ப்படியில் முழங்காலை ஊன்றினேன். அவனுடைய ஒரு கால் என் பக்கம் வந்தது. கோர்த்து முடித்துக் கட்டினேன்.

"இதென்ன முடிச்சு?" என்றான். "கடற்தொழில்காரன்ர மகன் எண்டு உள்ளுக்குச் சொல்லிப்போட்டன்."

"நான் கடலுக்குப் போறேல்ல. அலையில வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்."

"முதலே சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லியிருப்பன்."

அன்ரிக்குச் சிரிப்பு வந்ததா, வேறு ஏதாவதா தெரியாது; தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அவிழ்த்துக் கட்டுங்கோ," என்றான் றைலி. "இறுக்கமா. இதில விழுந்தனெண்டா திருப்பி உள்ள தூக்கிக்கொண்டு போவாங்கள்."

அவிழ்த்துத் திரும்பவும் கட்டினேன். பின்னால் ஸ்ரேஷன் கதவு திறந்தது. மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினோம். யாரோ ஓர் உத்தியோகத்தர் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் ஆட்டிக்கொண்டு எங்களைக் கடந்து தன் காருக்குப் போனார். அவர் கார் வெளியே திரும்பிப் போகும்வரை ஒருவரும் மூச்சு விடவில்லை.

பிறகு றைலி மற்றக் காலை நீட்டினான்.